இரண்டு சிறுநீரகங்களும் நார்மல்

போன் அடித்தது.

ஸ்கேன் படங்களைப் பார்க்கும் அந்த அறையில் பகலிலும் அரை இருட்டுதான். நாள் முழுக்க அங்கேயே கிடப்பதால் ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'இருட்டு டாக்டர்' என்று பெயர்.

எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர் பேசறேன் டாக்டர். கார்ல கருகின பாடி... ரெண்டு கிட்னியும் நார்மல்னு ரிப்போர்ட் கொடுத்திருக்கீங்க."

"ஆமா. அதுக்கென்ன?"

"செத்தவருக்கு ஒரு கிட்னிதான்னு அவர் சம்சாரம் சொல்றாங்க."

அவள் அந்த ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தாள்.

"அவங்களையும் அவங்க அண்ணனையும் கூட்டிட்டு வந்துட்டேன். உங்க கதவுக்கு வெளியிலதான் நிக்கறோம்."

ரிப்போர்ட் எழுதும் டெம்ப்ளேட்டை, அந்தத் தயார் படிவத்தை, ஆஸ்பத்திரியில் சண்டை போட்டுக் கொண்டுவந்தவளே அவள்தான். முன்பெல்லாம் ஆளாளுக்கு ஒரு கதை எழுதுவார்கள். கட்டி எங்கே என்று அதில் தேடி சர்ஜன்களுக்குக் கண் பூத்துவிடும். இப்போது எல்லா ரிப்போர்ட்டும் ஒரே அச்சு. உறுப்புக்கு ஒரு வரி. படிப்பவர்கள் பிழைத்தார்கள்.

ஒரே ஒரு சோம்பேறித்தனம். எல்லா வரியிலும் 'நார்மல்' என்று முன்கூட்டியே போட்டு வைத்திருந்தாள். கோளாறு தெரிந்தால் மாற்றினால் போதும்.

கருகிய உடலின் ஸ்கேனில் குண்டு பாய்ந்திருக்கிறதா, எலும்பு உடைந்திருக்கிறதா... போலீஸ் கேட்டது அவ்வளவுதான். அதைப் பார்த்தாள்.

கிட்னியைப் பார்த்தாளா?

ஞாபகமே இல்லை.

கதவு திறந்தது. உள்ளே வந்த பெண் நேராக மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர், அது அவர் இல்லதானே? அவரோட ஒரு கிட்னி எனக்குள்ள இருக்கு. இங்க..." அடிவயிற்றின் வலப்பக்கம் கை வைத்துக் காட்டினாள். "எனக்குக் கொடுத்துட்டார். அப்புறம் எப்படி ரெண்டு இருக்கும்?"

"ரிப்போர்ட்ல ஏதோ தப்பும்மா," என்றார் அண்ணன். கணவனுடன் கூட்டாகக் கம்பெனி நடத்துபவர். "மோதிரம் அவனோடது. கார் அவனோடது. பாடியை வாங்கிட்டுப் போய் ஆக வேண்டியதைப் பார்ப்போம்."

"உனக்கென்ன அண்ணா அவ்வளவு அவசரம்? அவர் இருக்கார். எங்கயோ இருக்கார்."

டாக்டர் படத்தைத் திறந்தாள். திரை அவள் பக்கம் திரும்பியிருந்தது; எதிரே நின்றவர்களுக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டர் மட்டும் பின்னால் வந்து நின்றார்.

வலது கிட்னி... இருந்தது.

இடது பக்கம்...

வெறும் இடம். அறுவை சிகிச்சையில் போட்ட சின்னச் சின்ன கிளிப்புகள் மட்டும் மினுங்கின.

அவள் விரல் அந்த இடத்தில் நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டர் அந்த விரலையே பார்த்தார்.

எதிரே அந்தப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவளிடம் எப்படிச் சொல்வது... டாக்டர் வாயைத் திறந்தாள்.

இன்ஸ்பெக்டர் முந்திக்கொண்டார். "ரெண்டு இருக்கும்மா. நீங்க சொன்னதுதான் சரி. அது உங்க வீட்டுக்காரர் இல்ல."

அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷ அழுகை. டாக்டரால் அதைப் பார்க்க முடியவில்லை.

"தேடிப் பிடிச்சிடுவோம்," என்றார் இன்ஸ்பெக்டர். "காருக்கு யார் தீ வெச்சதுன்னு அவர் வாயாலயே கேட்டுக்கலாம்."

அண்ணனின் முகம் வெளுத்தது.

"இல்ல சார்... அது எப்படி..."

"ஏன் சார், மாப்பிள்ளை உயிரோட இருந்தா நல்லதுதானே?"

"இருக்க முடியாது சார். பெல்ட்டைக் கழட்ட முடியாம உள்ள கிடந்து துடிச்சது அவன்தான். என் கண்ணால..."

நிறுத்தினார்.



தரையில் இருந்தவள் மெல்ல நிமிர்ந்தாள்.

"நீ அன்னிக்கு வெளியூர்னு சொன்னியே அண்ணா."

அண்ணன் கதவைப் பார்த்தார்.

"கம்பெனி முழுசா வேணும்னா கேட்டிருக்கலாமே. அவர் கொடுத்திருப்பாரே. எனக்குக் கிட்னி வேணும்னப்ப நீ டெஸ்ட்டுக்கே வரல. அவர் கேட்காமலே கொடுத்தார்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவள் டாக்டரிடம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க. ஒண்ணா... ரெண்டா?"

"ஒண்ணுதான்மா." டாக்டர் எழுந்து அவள் அருகே வந்தாள். "நான் பார்க்கல. டெம்ப்ளேட்ல நார்மல்னு ஏற்கெனவே இருந்துச்சு... அப்படியே விட்டுட்டேன். என் தப்பு."

அந்தப் பெண் அடிவயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். அவ்வளவுதான்... அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார்.

"சார்... நெஞ்சு வலிக்குது. மூச்சு முட்டுது. உடனே ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டிவிட்டு டாக்டர் பக்கம் திரும்பினார்.

"இவருக்கு மட்டும் அந்த 'எல்லாம் நார்மல்' டெம்ப்ளேட்டையே பிரின்ட் போட்டுக் கொடுத்துடுங்க டாக்டர்."