மீட்டர் காட்டிய நூறு

கருகிய சர்க்யூட் பலகையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பட்டறை முதலாளி மீட்டரம்மாவிடம் வந்தார். மின்சாதனம் எரிந்தால் யார் தவறு என்று கண்டுபிடித்துச் சொல்வது அவள் தொழில். அவள் கணவரோ கதை முடியும் முன்பே குற்றவாளியைப் பிடித்துவிடத் துடிப்பவர்.

"என் தங்கச்சி புருஷன் செஞ்ச வேலைம்மா. ரெண்டு ரெசிஸ்டரும் இருநூறு ஓம் இருக்கணும். ஒண்ணை நூறாப் போட்டுட்டான். நானே அளந்தேன், நூறுதான் காட்டுச்சு. வேலையை விட்டு அனுப்பிட்டேன். இப்ப தங்கச்சி பேச மாட்டேங்கறா. வெளியாள் எழுதிக் குடுத்தாத்தான் நம்புவாளாம்."

"மச்சான்தான், சந்தேகமே இல்ல!" என்றார் கணவர்.

"கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்று அவள் பலகையைத் திருப்பினாள். இணையாகப் பொருத்தியிருந்த இரண்டு ரெசிஸ்டர்களும் ஒரே அளவு கருகி, ஓம் அளவைச் சொல்லும் நிறக்கோடுகள் அழிந்திருந்தன. "ஒரு ரெசிஸ்டரோட கம்பிக் காலைக் கழட்டிட்டு அளந்தீங்களா?"

"இல்ல, இருந்தபடியேதான். மச்சானும் கழட்டச் சொன்னான். எனக்கே பாடம் நடத்துறியான்னு கத்திட்டேன்."

அவள் ஒரு காலைக் கழற்றி இரண்டையும் தனித்தனியாக அளந்தாள். இருநூறு. இருநூறு. கணவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இணையா இருந்தா மீட்டர் ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கும். ரெண்டு இருநூறு சேர்ந்தா பாதி, நூறு. ஒண்ணு நிஜமாவே நூறா இருந்தா அறுபத்தேழுகிட்ட காட்டியிருக்கும். நீங்க பார்த்த நூறே அவர் சரியா செஞ்சதுக்குச் சாட்சி."

"அப்புறம் எப்படிங்க கருகுச்சு?" என்றார் கணவர், அடங்கிய குரலில்.

"நூறு ஓம் போட்டதுதான் தப்புன்னா, ரெட்டைக் கரண்ட் ஓடி அது மட்டும்தான் ரொம்பக் கருகும். இங்க ரெண்டும் ஒண்ணுபோல கருகியிருக்கு. அப்ப ரெண்டுக்கும் பொதுவான வோல்டேஜ்தான் கூடியிருக்கு. பன்னிரண்டு வோல்ட்டுக்குப் பதிலா இருபத்திநாலு குடுத்தா சூடு நாலு மடங்கு. அன்னைக்குச் சப்ளை குடுத்தது யாரு?"

முதலாளி கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அவருக்கு அங்கே உட்காரவே கூசியது.

"நான்தாம்மா. காலையில வேற பலகைக்காக இருபத்திநாலுல வெச்சேன், திருப்ப மறந்துட்டேன். புகை வந்ததும் பார்த்தேன். யாரும் கவனிக்கலைன்னு நினைச்சு, சத்தமில்லாம பன்னிரண்டுக்குத் திருப்பிட்டேன். அப்புறம் மீட்டர் நூறு காட்டுச்சா, தப்பு அவனோடதுதான்னு என்னையே நம்ப வெச்சுக்கிட்டேன்."

அவள் எழுதி நீட்டிய தாளை அவர் வாங்கத் தயங்கினார். "மச்சானுக்கு இது தெரிய வேணாம்மா. அவன் முகத்துல முழிக்க முடியாது."

"அவர் எங்க உட்காருவார்?"

"எனக்கு எதிர் மேஜையில."

"அப்ப நீங்க திருப்பினதை அவர் பார்த்திருக்கார். பட்டறையில அத்தனை பேருக்கு முன்னாடி உங்களைத் தலைகுனிய விடக்கூடாதுன்னுதான் வாயை மூடிட்டுப் போயிருக்கார்."