பிளாப்பிக்கு வைத்த சந்தனம்

1988ஆம் ஆண்டு அக்டோபர் 20, வியாழக்கிழமை, விஜயதசமி. காலை எட்டு ஐம்பது. அரியலூரில் விடாத ஐப்பசி மழை.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த தட்டச்சுப் பயிலகத்தில் அம்சவள்ளி மறுபடியும் கம்ப்யூட்டரின் சுவிட்சைப் போட்டாள். உள்ளே அதன் மின்விசிறி சுழன்றது, திரையில் பச்சை எழுத்துகள் தெரிந்தன. டிஸ்க் எரர். அதற்குமேல் ஒன்றும் நகரவில்லை.

பத்தே முக்காலுக்கு நல்ல நேரம். முதல் வகுப்பு தொடங்க வேண்டும். முதலாளி செல்லமுத்து தெளிவாகச் சொல்லியிருந்தார். மெஷின் ஓடினால் அவளே கம்ப்யூட்டர் டீச்சர். ஓடாவிட்டால் திருச்சியிலிருந்து ஆள் வரும். அவள் சொந்த ஊரான மீன்சுருட்டிக்குத் திரும்பி, அண்ணன் பார்த்துவைத்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

"பிளாப்பிய ஒழுங்கா சொருகினீங்களா?"

சன்னலுக்கு வெளியே, நனைந்த சட்டையுடன் ஓர் இளைஞன்.

"மழைக்கு ஒதுங்குனா ஒதுங்கி நிக்கணும். எட்டிப் பாக்கப்படாது."

"பாக்கலீங்க, காதுல விழுந்துச்சு. கர்ருனு இழுத்துட்டு நின்னு போவுது. அரியலூர் சிமெண்ட் ஆலையில இதே மெஷின்தான் எனக்குச் சோறு போடுது. பேரு தர்மன்."

அவன் இமைகளில் மழைத்துளிகள் தங்கியிருந்தன. அவன் அவற்றைத் துடைக்கவில்லை. தேவைக்குச் சற்றுக் கூடுதலாகவே பார்த்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது...

"செருப்பக் கழட்டிட்டு வாங்க."

தர்மன் மெஷினை ஓடவைக்கும் பிளாப்பியை உருவினான். கறுப்பு உறையில் நீளவாக்கில் ஒரு திறப்பு. அதன்வழியே தெரிந்த பழுப்பு வட்டின்மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன.

"யாருங்க இதுக்குப் பொட்டு வெச்சது?"

"நான்தான். நேத்து ஆயுத பூஜை. எல்லாத்துக்கும் வெச்சேன்."

"இதுதான் அதோட நெத்தின்னு எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?" அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

"சிரிக்கத்தான் வந்தீங்கன்னா, பஸ்ஸு எதிர்த்தாப்புல நிக்குது."

சிரிப்பு நின்றது. "மன்னிச்சுக்குங்க. இதுக்கு காப்பி இருக்கா?"

"இது ஒண்ணுதான்."

"அப்ப கழுவிப் பாத்துடலாம்."

"கழுவுறதா!"

பக்கத்து பேட்டரி கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிவந்தான். பிளேடை எடுத்தவன், அதை அவளிடமே நீட்டினான்.

"நீங்க வெட்டுங்க. எனக்குக் கை நடுங்குது."

"ஏன்?"

"தெரியலீங்க..."

அவள் கை நடுங்கவில்லை. உறையின் ஓரத்தைக் கீறி, வட்டை விளிம்பில் பிடித்து வெளியே எடுத்தாள். அவன் நீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினான். சந்தனம் கரைந்து வழிந்தது. பழைய பருத்தித் துணியில் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் உலர்த்தினார்கள். பிளாப்பி சொருகும் டிரைவின் உட்புறத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தார்கள். எதுவும் பதியாத ஒரு புது பிளாப்பியைப் பிரித்து, அதன் உறைக்குள் வட்டை நுழைத்தபோது விரல்கள் பட்டுக்கொண்டன. இருவரும் ஒரே நேரத்தில் மன்னிப்புக் கேட்டார்கள். அதற்கு அவசியமே இருக்கவில்லை.

சுவிட்ச்... கர்ர்... சிறு அமைதி. பிறகு திரையின் இடப்புறத்தில் ஏ என்ற எழுத்தும், அதனருகே மினுங்கும் ஒரு கோடும். மெஷின் ஓடிவிட்டது.

அம்சவள்ளி மூச்சை விட்டாள். கண்கள் நிறைந்தன. அவள் துடைத்துக்கொள்ளும்வரை அவன் மழையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்தரைக்குக் குடையுடன் வந்த செல்லமுத்துவிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்ததும் அவர் தர்மன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, பேசாம நீங்களே வாத்தியாரா வந்துடுங்களேன்?"

அம்சவள்ளியின் முகம் இறுகியது. கெஞ்ச அவளுக்குத் தெரியாது.

"அவருக்கே குடுங்க சார். நான் போயிட்டு வரேன்."

"இருங்க டீச்சர்," என்று தர்மன் அவசரமாக மறித்தான். "நான் வரேன் சார். ஆனா படிக்கிற ஆளா. எனக்கு ரெண்டு வெரல்லதான் தட்ட வரும், டைப்ரைட்டிங் கத்துக்கணும். மெஷினு கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சும் பதறாம பிளாப்பிய வெட்டித் தெறந்தாங்க பாருங்க... வாத்தியார் இவங்கதான்."

செல்லமுத்து தாடையைத் தடவினார். பிறகு மேசைக்குப் போய்ப் பேனாவைத் திறந்தார்.

"ஆலையில டைப்ரைட்டிங் சொல்லித் தர ஆளில்லையா?" என்று அவள் தணிந்த குரலில் கேட்டாள்.

"இருக்காங்க."

"அப்புறம் இங்க எதுக்கு?"

"ஒங்களப் பாக்கத்தான். புடிச்சிருக்குங்க... அதான் கை நடுங்குச்சு."

அவள் தலை நிமிரவில்லை. காது மட்டும் சிவந்தது.

"ஆறு மணி பேட்ச். லேட்டா வந்தா வெளியதான் நிக்கணும்."

"மழை பேஞ்சா?"

"பேஞ்சா... உள்ள வந்துடுங்க. நான் பாத்துக்கிட்டுதான் இருப்பேன்."

செல்லமுத்து கையெழுத்தின் ஈரத்தை ஊதி ஆற்றிவிட்டு எழுந்து வந்தார்.

"இந்தாம்மா டீச்சர்," என்று நியமன உத்தரவை அவள் கையில் கொடுத்தார்.