சுவரைக் கறந்த பார்கவி

மாட்டைக் கறப்பார், ஆட்டைக் கறப்பார்,
அதெல்லாம் பெரிய காரியமா?
பொம்மசந்திராவில் பார்கவி என்பாள்
சுவரைக் கறந்தாள், தெரியுமா?

சிரிக்கிறீர்களா? தாராளமாய்ச் சிரியுங்கள்,
கதையைக் கேட்டபின் சொல்லுங்கள்!
கடுகளவு பொய்யைக் கலந்திருப்பேன்,
அதை மட்டும் தள்ளி வையுங்கள்.

அந்தக் கோடை இருக்கிறதே, அப்பப்பா!
காக்கை குடை பிடித்துப் பறந்தது.
தண்ணீரைப் பார்த்து நாளானதாலே
தவளைக்கு நீச்சல் மறந்தது.
போர்வெல் மோட்டாரைப் போட்டால் உள்ளே
புழுதிதான் தும்மி இருமியது.
சரளா குத்தகைக்கு எடுத்த தோட்டத்தில்
கீரை மொத்தமும் கருகியது.
சரளாவின் மகள்தான் நம் பார்கவி.
வயசு பத்து, வாய் இருபது.

பக்கத்துத் தோட்டம் கிருஷ்ணப்பா மாமா.
சாமந்திப் பூதான் அவர் பயிர்.
டேங்கர் தண்ணீரை டிரம்மில் நிரப்பி
மூடி வைப்பார், அதுவே உயிர்.
தினமும் அதிலே ஒரே ஒரு குடம்
சரளாவின் கீரைக்குத் தந்துவந்தார்.
ஒரு நாள் காலை வேலியின் ஓரம்
கண்ணைச் சுருக்கி வந்து நின்றார்.

எல்லாப் பாத்தியும் பழுப்பாய்க் கிடக்க,
பக்கத்துக் கம்பெனிச் சுவரின் காலடியில்
ஒரே ஒரு பாத்தி பச்சைப் பசேலென
ஆடி நின்றது வெயிலடியில்!

“ஏம்மா பார்கவி, மழையே இல்லை.
இது மட்டும் எப்படி?”
“தெரியலை மாமா.”
“உனக்குத் தெரியாது, என் டிரம்முக்குத் தெரியும்!”
“சத்தியமா நான் எடுக்கலை மாமா!”
“நோடும்மா, பாத்துக்கோ, இன்னிக்குப் பொறி வைக்கிறேன்.
மாட்டினா நாளைக்குக் குடம் கிடையாது!”

கோலமாவை டிரம்மைச் சுற்றிக்
கொட்டித் தூவினார் தரை முழுக்க.
விடிந்ததும் பார்த்தால் காலடித் தடங்கள்!
கத்தினார் ஓசூர் வரை கேட்க.

பார்கவி குனிந்து பார்த்தாள். “மாமா,
பெரிய செருப்பு, குதியில் ஓட்டை!”
எல்லோர் கண்ணும் மெல்ல இறங்கி
மாமாவின் காலில் போய் நின்றது.

“காவலுக்கு நானே வந்து போனேன்!”
கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டார்.
“ஆனாலும் எனக்குச் சந்தேகம் தீரலை,
நீ பறந்து வந்திருப்பே!” என்றார்.
“சாயங்காலம் வரை டைம் தரேன்.
உண்மை வரணும். இல்லேன்னா, குடம் கட்!”

அம்மாவின் முகம் வாடிப் போனது.
பார்கவி பாத்திக்கு ஓடினாள்.
சுவரடி மண்ணோ சில்லென்றிருந்தது.
காதைச் சுவர்மேல் வைத்தாள்.
டொக்... டொக்... டொக்... உள்ளே ஏதோ!
கம்பெனி கேட்டுக்கு ஒரே ஓட்டம்.

வாசலில் நின்றார் செக்யூரிட்டி டேரில்.
“அண்ணா, சுவருக்கு அந்தப் பக்கம்
உட்கார்ந்து அழுவது யாரு?”
“அழுகையா? ஏசி குழாய்ங்கம்மா அது!
சொட்டுச் சொட்டா மண்ணுக்குள் போகும்.
எல்லாமே வேஸ்ட்டு!”
“வேஸ்ட்டா? எங்களுக்குத் தருவீங்களா?”

டேரில் உள்ளே போய்க் கேட்டு வந்தார்.
மேனேஜர் சார் சரி என்றார்.
குழாய்கள் எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்தன.
சுவரின் ஓட்டையில் ஹோஸ் வந்தது.
“குடிக்க வேண்டாம், கீரைக்கு ஆகும்,”
அம்மா சொன்னாள், சிரித்தபடி.

மாமா நம்புவாரா? ஹோஸைத் தொடர்ந்து
தடவித் தடவி நடந்து வந்தார்.
“இது என் டிரம்மிலிருந்துதானே வருது?”
முனையில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார்.
சளக்!
மீசை, மூக்கு, சட்டை எல்லாம்
ஒரே நொடியில் நனைந்துபோனது!

பார்கவி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.
“மாமா, உங்க சாமந்தியும் வாடியிருக்கே.
முதல் குடம் உங்களுக்குத்தான்!”

மாமா மீசையைத் துடைத்துக்கொண்டார்.
போனார். ஒரு காலிக் குடத்தோடு வந்தார்.

இன்றைக்கும் யாராவது, “சுவரைக் கறந்தாளா?
சுத்தப் பொய்!” என்று சிரித்தால்,
நான் மாமாவைத்தான் கை காட்டுவேன்.
ஈர மீசையைத் துடைப்பதுபோலத்
தடவிக்கொண்டே அவர் சொல்லுவார்:

“நிஜம்தாங்க. கறந்தது அவள்.
குடம் பிடிச்சது நான்.”