வாயறை

காலையில் பல் தேய்த்து முடித்துத் துப்பியபோது வாஷ்பேசினில் மண் விழுந்தது.

கொஞ்சம்தான், நகக்கண்ணில் ஒட்டுகிற அளவு. தையல்காரி குனிந்து பார்த்தாள். விரலால் தேய்த்தாள், நறநறவென்றது. மறுபடி வாய் கொப்பளித்தாள். தண்ணீர் கலங்கலாக வந்தது. சேற்றில் நடந்த செருப்பைக் கழுவினால் வருமே, அந்த நிறம், அந்த வாடை. சீ, என்ன கருமம் இது என்று குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள்.

"பேஸ்ட்ல ஏதோ கலப்படம்டி," என்றாள் தங்கையிடம்.

"நானும் அதுலதான் தேச்சேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே," என்றாள் தங்கை. "தூக்கத்துல எழுந்து போய் தொட்டி மண்ணைத் தின்னியா என்ன?"

அக்கா தங்கை இருவர் மட்டும் இருக்கும் வீடு. பெரியவளுக்குத் தையல்காரி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஊசியில் நூல் கோக்கக்கூட அவளுக்கு வராது. மாட் போடும் கூட்டம் வைத்த பட்டப்பெயர் அது. கம்பெனி ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை விற்கும். அதை வாங்கி, பிரித்துப் போட்டு, தங்கள் கைச்சரக்கைச் சேர்த்து, புது அறை, புதுப் பேய், புது வழி என்று கட்டி மற்றவர்களுக்குச் சும்மா கொடுக்கிறவர்கள் இவர்கள். அந்தச் சேர்க்கைக்குத்தான் மாட் என்று பெயர். சுவரும் சுவரும் சேரும் இடத்தில் கோடு தெரியாமல் ஒட்டுவதில் இவளை மிஞ்ச ஆள் இல்லை. அதனால் தையல்காரி.

கம்பெனிக்கும் இந்தக் கூட்டத்துக்கும் மாமியார் மருமகள் உறவு. இவர்கள் மட்டும் இல்லையென்றால் அந்தப் பழைய விளையாட்டை நாய்கூடத் திரும்பிப் பார்க்காது என்று கம்பெனிக்குத் தெரியும். கம்பெனி நினைத்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்கி எறியும் என்று இவர்களுக்கும் தெரியும். ஒருமுறை எறிந்தும் இருக்கிறது. யாரோ ஒருவன் வேறு விளையாட்டிலிருந்து மரப்பலகைப் படத்தைச் சுட்டு ஒட்டினான் என்று அவன் வருஷக்கணக்காகக் கட்டிய மாளிகை முழுவதையும் வக்கீல் நோட்டீசோடு தூக்கினார்கள்.

அந்தப் பயத்தில்தான் தையல்காரி வாயறையைக் கட்டினாள்.

விளையாட்டில் பாழடைந்த விடுதி ஒன்று வரும். அதன் அடித்தளத்துக்கும் கீழே, ஈரமாக, சிவப்பாக, உயிருள்ளது போல ஓர் அறை வேண்டும் என்று ஆசைப்பட்டாள். சுவருக்கு ஒட்ட யாருடைய படத்தையும் எடுக்க மாட்டேன் என்று பிடிவாதம். பகலில் அவளுக்குப் பல் ஆஸ்பத்திரியில் வேலை, அடுத்தவர் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை. அங்கே வாய்க்குள் விட்டுப் படம் எடுக்கும் மெல்லிய கேமரா இருந்தது. மதியம் ஆள் இல்லாத நேரத்தில் அதைத் தன் வாய்க்குள்ளேயே விட்டாள். ஈறு, நாக்கு, மேல்வாய், கன்னத்தின் உள்பக்கம், தொண்டையில் தொங்கும் உள்நாக்கு, எல்லாம் எடுத்தாள். விழுங்கும் சத்தத்தைக்கூடக் கழுத்தில் மைக் வைத்துப் பதிந்தாள். சுவர் என்னுது, சத்தம் என்னுது, எவன் வந்து கேட்பான் என்று அவளுக்கு ஒரே பெருமை.

கூட்டம் கொண்டாடித் தீர்த்தது. பார்க்கவே குமட்டுகிறது என்று எழுதினார்கள், இந்த உலகத்தில் அது பெரிய பாராட்டு. பிறகு கம்பெனியே தேடி வந்தது. வாயறையை அசல் விளையாட்டிலேயே சேர்க்கிறோம், உலகமே பார்க்கும், சம்மதமா என்றது. வாயெல்லாம் பல்லாகத் தையல்காரி சம்மதம் என்ற பொத்தானை அழுத்தினாள். அதற்கு மேலே நீளமாக ஓடிய நிபந்தனைகளை யார் படித்தார்கள்?

அது எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்த மறுநாள் காலைதான் மண் விழுந்தது. இரண்டையும் முடிச்சுப் போட அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் மருந்து நெடிக்கு நடுவே வேறொரு நெடி அவளைச் சுற்றிக்கொண்டே வந்தது. முகக்கவசத்துக்குள் ஊதிப் பார்த்தாள். அவள் மூச்சுதான். நனைந்த காலுறையைக் கழற்றாமல் மூடிவைத்த ஷூவிலிருந்து வருமே, ரப்பரும் வியர்வையும் பூஞ்சையும் கலந்த புளித்த வாடை, அது அவள் நாக்கின் மேல் படலம் படலமாகப் படிந்திருந்தது. உப்புத் தண்ணீர், புதினா மாத்திரை, கடைசியில் நோயாளிக்கு வைத்திருந்த பச்சை மருந்து என்று எதில் கொப்பளித்தும் போகவில்லை. நாற்காலியில் ஒரு பெரியவர் வாயைப் பிளந்து படுத்திருந்தார். தையல்காரி குழாயைப் பிடித்தபடி நின்றாள். அப்போது அவள் நாக்கு நுனியில் ஏதோ அழுந்தியது. சின்னதாக, கெட்டியாக. முதலில் குதிகால். பிறகு விரல்பக்கம். அடுத்த அடி கொஞ்சம் உள்ளே. அதற்கடுத்தது இன்னும் உள்ளே.

யாரோ நடந்தார்கள்.

நாக்கின் நடுவில் நின்றார்கள். சுற்றிப் பார்ப்பதுபோல் திரும்பினார்கள். பின்னாலேயே இன்னொரு ஜோடிக் கால்கள் வந்தன, அதன் பின்னால் பலதும் ஓடி வந்தன. அவள் குழாயைப் போட்டுவிட்டு ஓக்காளித்துக்கொண்டே குப்பைத்தொட்டிக்கு ஓடினாள்.

"அடுத்தவங்க வாயப் பாத்துப் பாத்து சலிச்சுப் போச்சா?" என்று சிரித்தார் டாக்டரம்மா. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். வாயைத் திறக்கச் சொல்லி விளக்கு அடித்துப் பார்த்தார். "ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் செவந்திருக்கு. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு."

ஒண்ணுமில்லையாம். அவர் பார்த்துக்கொண்டிருந்தபோதே கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் எதுவோ ஒடுங்கி ஒளிந்துகொண்டதை அவள் உணர்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்தாள். வாயறையில் விளையாடுவதை நேரலையில் காட்டுகிறவர்கள் எங்கு பார்த்தாலும் இருந்தார்கள். ஒருவனைத் திறந்தாள். அவன் சிவப்புச் சுவரைத் தடவினான், நாக்குத் தரையில் குதித்தான், கூரையிலிருந்து தொங்கிய உள்நாக்கைப் பார்த்து, "டேய், இங்க பாருங்கடா, ஊஞ்சல்!" என்று கூவி அதை எட்டி உதைத்தான். திரையில் அது ஆடியது. தையல்காரியின் தொண்டையில் அது ஆடியது. அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினாள், கண்ணில் நீர் கொட்டியது. அவன் சிரித்தான், மறுபடி உதைத்தான்.

இன்னொருவன் ஈறில் கத்தியைச் செருகினான். அவள் உள்ளங்கையில் ரத்தம் துப்பினாள்.

மூன்றாமவனும் அவன் கூட்டாளிகளும் செய்ததுதான் மகா அசிங்கம். அந்த விடுதியில் செத்த எலிகள் கிடக்கும், பொறுக்கி எங்கே வேண்டுமானாலும் போடலாம். அறை பசியாக இருக்கும் போல, பாவம், ஊட்டிவிடுவோம் என்று வாளி வாளியாகக் கொண்டுவந்து மூலையில் குவித்தார்கள், காலால் மிதித்து இடுக்கில் திணித்தார்கள். இவள் வாயில் நாற்றம் கிளம்பியது. சும்மா நாற்றம் இல்லை, அதற்கு ஒரு கனம் இருந்தது, வழவழப்பு இருந்தது, ரோமம் இருந்தது. கடைவாயில் விரலை விட்டுத் தோண்டினாள். ஊறிப்போன சாம்பல் நிறக் கொத்து ஒன்று நூலாகத் தொங்கிக்கொண்டு வந்தது. குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். எடுத்து முடிந்தும் வாய் காலியாகவில்லை.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோணலை அழைத்தாள். அவனும் மாட் போடுகிறவன், அவன் செய்யும் கதவு எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதால் கோணல். நேரில் பார்த்ததில்லை, ஆனால் கூடப்பிறந்தவன் மாதிரி. நடந்ததை முழுக்கச் சொல்ல வெட்கமாக இருந்தது. வாயறையைத் திரும்ப எடுக்க வேண்டும், உயிர் போகிற காரியம் என்று மட்டும் சொன்னாள்.

"திருட்டுக் கல்ல உருவிக் காட்டு, அவங்களே எடுத்துருவாங்க," என்றான் அவன்.

"எந்தக் கல்லு?"

"என்னக்கா தெரியாத மாதிரி கேக்கற? எல்லாரும் ஒரு மூலைல வேணும்னே வேற கேம்லேர்ந்து சுட்ட ஒரு கல்ல வெப்போம்ல. எங்கயோ ஒரு செங்கல்லு, ஒரு ஆணி. சின்னதா இருந்தா யாரும் பெரிசா பாக்க மாட்டாங்க. ஆனா கம்பெனி நம்ம சரக்க எடுத்துக்க நெனச்சா வக்கீலுங்க தேடிக் கண்டுபுடிச்சு, வேணாம்டா வம்புன்னு ஓடிருவாங்க. நீ வெக்கலையா?"

"இல்லடா. சுத்தமா பண்ணேன். எல்லாமே என்னோடது."

அந்தப் பக்கம் அவன் உச்சுக் கொட்டினான்.

"போச்சு போ," என்றான். "அப்ப எல்லாமே அவங்களோடது."

தன் இணையப் பக்கத்திலிருந்த வாயறையை அழித்தாள். பக்கம் காலியானது, வாய் காலியாகவில்லை. கம்பெனிக்கு எழுதினாள், எழுதிக்கொண்டே இருந்தாள். அந்த நாட்களில் அவள் சாப்பிடவில்லை. சோற்றை வைத்தால் அதைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு கால்கள் வந்து நின்றன. விழுங்கினால் யாரையாவது விழுங்கிவிடுவோமோ என்று பயம். விழுங்கினால் என்ன என்று ஒருமுறை நினைத்தாள், நினைத்ததற்கே உடம்பு கூசியது. பேசும்போது நாக்கை அவர்கள் மிதித்துப் பிடித்தார்கள், வார்த்தை குழறியது. தங்கையின் கேலி நின்றுவிட்டது. அவள் கஞ்சித் தம்ளரோடு அக்காவின் பின்னாலேயே நடந்தாள். "ஒரு வாய் குடிக்கா. ஒரே ஒரு வாய்." வாய் என்ற சொல்லைக் கேட்டாலே தையல்காரிக்கு அழுகை வந்தது. தன் வாய் தனக்கு வேண்டும், அவ்வளவுதான். உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம்.

கடைசியில் கம்பெனியிலிருந்து ஒருத்தி போன் செய்தாள். மாட் கூட்டத்தோடு பேசுவதற்கென்றே வைத்திருக்கும் பெண், குரலில் தேன் ஒழுகியது.

"வணக்கம் தையல்காரி மேடம்! உங்க ரசிகைங்க நான்!"

"அந்த அறைய எடுத்துருங்கம்மா. உங்களுக்குக் கோடிப் புண்ணியமா போகும்."

"ஐயோ, அது எப்படிங்க முடியும்? இருக்கறதுலயே கூட்டம் அள்ளுற இடம் அதுதான். வந்தவங்க யாரும் கெளம்பவே மாட்டேங்கறாங்க."

"அதத்தாம்மா நானும் சொல்றேன்!" தையல்காரி கத்தினாள். எச்சில் தாடையில் வழிந்தது. "வர்றாங்க, போகவே மாட்டேங்கறாங்க. போக வழி இல்ல. உள்ள அடைஞ்சு கெடக்கறாங்க. மூச்சு முட்டுது எனக்கு. அவங்கள வெளிய விடுங்க. எப்படியாவது வெளிய விடுங்க!"

அந்தப் பக்கம் விரல்கள் விசைப்பலகையில் பரபரவென்று ஓடின.

"எவ்ளோ அருமையான யோசனை! நெரிசல்னு நெறைய புகார் வந்துட்டுதான் இருக்கு. ஒரே வாசல்தானே வெச்சிருக்கீங்க. ஒண்ணும் பிரச்சனையில்ல மேடம், பக்கச் சுவருல இன்னொரு கதவு போட்டுர்றோம்."

"வேணா..." நாக்கு எழவில்லை. அதன் மேல் பத்துப் பேராவது நின்றார்கள்.

"நீங்க கஷ்டப்பட வேணாம், எங்க ஆளுங்களே பாத்துக்குவாங்க. கட்டினவங்களே சொல்லித்தான் மாத்தினோம்னு உங்க பேரையும் போட்டுர்றோம், சரியா?"

போன் வைக்கப்பட்டது.

விடுமுறை நாள், நல்ல வெயில். பக்கத்து வீட்டில் யாரோ துணி உதறிக்கொண்டிருந்தார்கள். தையல்காரி அலமாரிக் கண்ணாடியின் முன்னால் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தங்கை அவள் தலையைக் கோதிவிட்டுக்கொண்டிருந்தாள். விளையாட்டின் புதுப்பதிப்பு அன்றுதான் வந்திருந்தது.

இடது கன்னத்தில் அரிப்பு. உள்ளே. காதுக்குக் கீழே தொடங்கி, நேராக இறங்கியது. தாடைக்கு மேலே நின்றது. திரும்பியது. எறும்பு இப்படி நேராகத் திரும்பாது. உதட்டோரம் வரை வந்தது. அங்கிருந்து மேலே.

"அக்கா, கன்னத்துல என்ன கோடு?"

பதில் சொல்ல வாயைத் திறக்கப் பயம். கண்ணாடியில் பார்த்தாள். சிவப்புக் கோடு. மூலை. மறுபடி கோடு. மறுபடி மூலை. கோணல் இல்லை. அளவெடுத்து வெட்டியது.

வலிக்கவில்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை.

உள்ளே கால்கள் நகர்ந்தன. எல்லாம் இடதுபக்கம். நாக்கு லேசாகியது. இத்தனை நாளில் முதல்முறையாக லேசாகியது. கன்னம் கனத்தது, புடைத்தது. அழுகிய எலியின் வாடை அறை முழுக்கப் பரவியது. தங்கை மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"அக்கா..."

தையல்காரி கன்னத்தைக் கையால் அழுத்திப் பிடித்தாள். உள்ளங்கையை உள்ளிருந்து தள்ளினார்கள். பொறுமையாக. பிறகு சேர்ந்து. விரல் வழுக்கியது. எச்சில். ரத்தம். கை தானாக விலகியது.

கன்னம் திறந்தது. வெளிப்பக்கமாக, கீல் போட்ட பலகை திறப்பது போல, சத்தமே இல்லாமல், காதுப்பக்கம் மடங்கி நின்றது. உள்ளே சிவப்பாக வெளிச்சம் எரிந்தது. நிலைப்படியை எட்டுச் சின்ன விரல்கள் பற்றின. ஒரு தலை வெளியே எட்டிப் பார்த்தது. அது கூடத்தைப் பார்த்தது, ஜன்னலைப் பார்த்தது, சுவரோடு சுவராக ஒட்டி நின்ற தங்கையை அண்ணாந்து பார்த்து, அவள் அலறத் திறந்த வாயை வெகுநேரம் உற்றுப் பார்த்தது. பிறகு உள்ளே திரும்பி, மற்றவர்களைக் கையசைத்துக் கூப்பிட்டது.