கூண்டு மரத்துக்குள் கிறிஸ்துமஸ் தாத்தா

"ஐயோ...!"

அலறியது சூப் கடை பெர்னிஸ்.

"கூண்டு மரத்துக்குள்ள... கிறிஸ்துமஸ் தாத்தா... செத்துக் கிடக்கார்!"

டிடெக்டிவ் சார்ஜென்ட் நோர்மா பெல்கி அந்த நொடியில்தான் சிப்பி சூப்பின் முதல் கரண்டியை வாய்க்குக் கொண்டு போயிருந்தாள். காலை ஏழு மணியிலிருந்து அவள் வயிற்றுக்குக் கிடைக்கவிருந்த முதல் ஆகாரம்.

கரண்டி திரும்பக் கிண்ணத்துக்குப் போனது.

சனிக்கிழமை. பிற்பகல் மூன்று மணி. கிரேஹேவன் துறைமுகத்தில் குளிர்கால விழாவின் பெரிய நாள். கொலைகாரர்களைப் பிடிக்க வேண்டும் என்றுதான் நோர்மா போலீஸில் சேர்ந்தாள். இந்த வாரம் முழுக்க அவள் பிடித்தது, இஞ்சி ரொட்டி வீடு கட்டும் போட்டியில் ஒருத்தி முடியை ஒருத்தி பிடித்துக்கொண்ட இரண்டு அம்மாக்களை. பிறகு, கரோல் பாடகர்களோடு மிரண்டு ஓடிய குதிரை வண்டியை. இன்று காலை, பனிக்கடலில் குதிக்கும் வைபவத்தில் உள்ளாடை தொலைத்த ஒரு வங்கி மேலாளரை.

இப்போது நிஜமாகவே ஒரு பிணம்!

ஓடினாள்.

சதுக்கத்தின் நடுவில் நின்றது கூண்டு மரம். சிங்கி இறால் பிடிக்கும் நூற்றைம்பது கம்பிக் கூண்டுகளை ஒரு மரச்சட்டத்தைச் சுற்றி மாடி மாடியாக அடுக்கி, பச்சை இலையும் சிவப்பு ரிப்பனும் சுற்றி, உச்சியில் நட்சத்திரம் வைத்த மரம். ஊர் மீனவர்கள் ஆளுக்குச் சில கூண்டு தானம் கொடுப்பார்கள். விழா முடிந்ததும் அவரவர் கூண்டு அவரவருக்கு.

நோர்மா கம்பி வலை வழியே எட்டிப் பார்த்தாள்.

சிவப்புக் கால்சட்டை. கறுப்பு பூட்ஸ். குப்புறக் கிடந்த பெரிய உடம்பு. எழுபத்திரண்டு வயது எல்வுட் ப்ரே! இருபது வருஷமாக இந்த ஊரின் தாத்தா அவர்தான். வாயிலிருந்து ஆவி வருகிறதா என்று பார்த்தால்... பாழாய்ப்போன பொய்த்தாடி மறைத்தது.

"எல்வுட்! காது கேக்குதா?"

பூட்ஸ் அசையவில்லை.

பின்பக்கம் மின்சாரக்காரர்கள் நுழைய ஒரு சந்து உண்டு. அங்கே பாய்ந்தாள். சந்தில் பழைய கூண்டு ஒன்று செருகப்பட்டிருந்தது. உதைத்தாள். அசையவில்லை.

கயிறு போட்டுக் கட்டியிருந்தது... உள்பக்கமாக!

உள்ளே இருப்பவர் ஒரே ஒருவர். அவரும் பிணம். பிறகு யார் கட்டியது?

"யோவ், யாராவது கத்தி கொடுங்கய்யா! இந்தக் கூண்டை அறுத்து எடுங்க!"

நாற்பது மீனவர்கள் நின்றார்கள். ஒருவரும் நகரவில்லை.

"அது எல்வுட்டோட கூண்டு, சார்ஜென்ட்," என்றார் ஒருவர், தொப்பியைக் கழற்றியபடி.

"அதனால?"

"அவரைக் கேக்காம எப்படித் தொடுறது?"

"அவர் உள்ள செத்துக் கிடக்கார்யா!"

"அதான் சிக்கலே."

நோர்மாவுக்குத் தலையை எங்காவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இந்தக் கடற்கரையில் அடுத்தவன் மனைவியைப் பற்றிப் பேசினால் மன்னிப்பு உண்டு. அடுத்தவன் கூண்டைத் தொட்டால் கிடையாது. சட்டமும் அப்படி, சாதிசனமும் அப்படி. தொட்டவன் லைசென்ஸ் போய்விடும்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். காலையில் பனிக்கடலில் குதித்த ஆறு பேருக்கு இழுப்பு கண்டு, அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறதாம். வர இருபது நிமிஷம்.

"வழி விடுங்க! வழி விடுங்க!"

கூட்டத்தைப் பிளந்து வந்தார் விட்லோ தர்ஸ்டன். விழாக் குழுத் தலைவர். முழங்கால் வரை கம்பளிக் கோட்டு, கழுத்தில் நரித்தோல், கையில் ஒலிபெருக்கி. இரண்டடி தள்ளி நிற்கிறவளிடமும் ஒலிபெருக்கியில்தான் பேசுவார்.

"சார்ஜென்ட்! நாலரைக்கு விளக்கேத்தணும்! பத்திரிகைக்காரங்க வர்றாங்க! இதைக் கொஞ்சம்... திரை போட்டு மறைக்க முடியுமா?"

"பிணத்தையா?"

"நாளைக்குக் காலைல கண்டுபிடிச்சாப் போதாதா?"

அவருக்குப் பின்னால், கூட்டத்துக்கு ஒதுங்கி, டால்டன் பீல் நின்றிருந்தான். இருபத்தெட்டு வயது. அவன் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. தன் நாற்பது கூண்டுகளை டால்டன் திருடிவிட்டான் என்று இலையுதிர் காலத்தில் தர்ஸ்டன் கொடுத்த புகார், நோர்மாவின் மேஜையில் ஏழு வாரமாகக் கிடக்கிறது. திங்கட்கிழமை விசாரணை. தலைவர் வார்த்தைக்கு எதிர் வார்த்தை இல்லை. டால்டனின் லைசென்ஸ் போகும். அவன் அப்பா காலத்திலிருந்து மீன் பிடிக்கிற கடல் துண்டு தர்ஸ்டனுக்குப் போகும்.

பையன் திருடவில்லை என்று நோர்மாவுக்குத் தெரியும். நிரூபிக்கத்தான் ஒரு துரும்பும் இல்லை. அந்த எரிச்சலை அவள் தினமும் காபியோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"சரி," என்று கத்தினாள். "அடுத்தவன் கூண்டைத் தொட வேணாம். அவனவன் கூண்டை அவனவன் எடுங்க! அவர் கிடக்கற கடல் பக்கமா, மேலிருந்து கீழ! சீக்கிரம்!"

அது எல்லோருக்கும் சம்மதமாக இருந்தது.

ஏணி வந்தது. "இது யாருது?" "நம்மளுது!" ஒருவன் ஏறி எடுத்தான். இறங்கினான். அடுத்தவன் ஏறினான். எல்வுட் உயிரோடு இருந்தாலும் கிறிஸ்துமஸ் வருவதற்குள் செத்துவிடுவார் போலிருந்தது.

"நாலா பக்கமும் ஏறுங்கய்யா!"

"ஒரே ஏணிதான் இருக்கு, சார்ஜென்ட்."

"இன்னொண்ணு?"

"அது மெதடிஸ்ட் சர்ச் ஏணி. அவங்களைக் கேக்கணும்."

நோர்மா கண்ணை மூடிப் பத்து வரை எண்ணினாள். போதவில்லை. இருபது வரை எண்ணினாள்.

டால்டனும் ஏறினான். தன் கூண்டுகளை எடுத்தான். ஒருவரும் ஏணியைப் பிடிக்கவில்லை. நோர்மா பிடித்தாள்.

தர்ஸ்டனும் கோட்டோடு வந்து சிலதை இறக்கினார். ஒலிபெருக்கியை மட்டும் விடவில்லை.

பதினைந்து நிமிஷத்தில் கடல் பக்கம் திறந்தது. மிச்சம் ஒரே ஒரு தடுப்பு. மேலே குறுக்குச் சட்டம். அதன் கீழே பதினோரு கூண்டுகள். இடையில் பூனை நுழையச் சந்து இல்லை. அந்தப் பக்கம் எல்வுட்டின் பூட்ஸ்.

"இது யாருது?"



"யாருதுன்னு கேக்கறேன்!"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் வரவில்லை. நோர்மா குனிந்தாள். ஒவ்வொரு கூண்டிலும் சொந்தக்காரன் பெயரும் எண்ணும் பொறித்த பிளாஸ்டிக் பட்டை இருக்க வேண்டும் என்பது சட்டம். ரிப்பனை விலக்கிப் படித்தாள். அடுத்ததையும் படித்தாள். பதினொன்றையும் படித்தாள்.

நிமிர்ந்தபோது அவள் கண் பளபளத்தது.

"தலைவரே... இது உங்களோடது. எடுங்க."

தர்ஸ்டன் முதல் தடவையாக ஒலிபெருக்கியைக் கீழே இறக்கினார்.

"என்... என்னோடது இல்ல."

"பட்டைல உங்க பேர்தான் இருக்கு. இந்த எண்களை நான் ஏழு வாரமா மனப்பாடம் பண்ணியிருக்கேன். திருடு போச்சுன்னு நீங்க எழுதிக் கொடுத்த பட்டியல்ல இருக்கறது!"

கூட்டம் சலசலத்தது.

"அப்ப... அப்ப அவன்தான் கொண்டுவந்து வெச்சிருக்கான்!" தர்ஸ்டனின் விரல் டால்டன் பக்கம் பாய்ந்தது. "திருடன்! பிடிங்க அவனை!"

டால்டன் ஓர் அடி முன்னால் வந்தான்.

"நல்லா இருக்கே கதை. கஷ்டப்பட்டுத் திருடுவேனாம். அப்புறம் ஊர் நடுவுல கொண்டுவந்து ரிப்பன் கட்டி வெப்பேனாம்!"

"வெப்பே! மாட்டிக்காம இருக்க வெப்பே!"

நோர்மாவின் பார்வை மரத்தின் பக்கத்தில் நின்ற பலகைக்குப் போனது. தங்க எழுத்துப் பலகை. கூண்டு கொடுத்தவர்களின் பெயர்கள். அதிகம் கொடுத்தவர்தான் விளக்கேற்றும் விசையை அழுத்துவார். தாத்தா வந்திறங்கும் படகில் தலைமை நாற்காலியும் அவருக்கே.

முதல் பெயர்: விட்லோ தர்ஸ்டன். முப்பத்தொன்று.

இரண்டாவது: டால்டன் பீல். இருபத்தி நாலு.

"சரிதான் தலைவரே," என்றாள் நோர்மா, தேன் குழைத்த குரலில். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். இந்தப் பதினொண்ணும் நீங்க கொடுத்தது இல்ல. அப்ப உங்க கணக்கு இருபதுதான். பெர்னிஸ், பலகையைத் திருத்து. முதலிடம் டால்டன். விசையை அவன்தான் அழுத்தணும்."

பெர்னிஸ் ஈரத்துணியை எடுத்தாள்.

"ஏய்... நில்லு!"

"பத்திரிகைக்காரங்க வந்தாச்சு, டால்டன். தலை சீவிக்கோ."

"நில்லுன்னு சொன்னேன்ல!" தர்ஸ்டனின் முகம் வெந்த சிங்கி இறால் நிறத்துக்கு வந்தது. ஒலிபெருக்கி தானாக வாய்க்கு ஏறியது. "பன்னெண்டு வருஷமா இந்த ஊர்ல முதலிடம் நான்! ஒரு பொடிப்பயலுக்கு விட்டுக் கொடுப்பேனா? முப்பத்தொண்ணும் என்னோடது! என் கொட்டகைலேர்ந்து என் கையால கொண்டுவந்து அடுக்கினது!"

துறைமுகம் முழுக்க எதிரொலித்தது. தூரத்தில் ஒரு கடற்காகம் கூடக் கத்துவதை நிறுத்தியது.

தர்ஸ்டனுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது மெள்ள மெள்ள உறைத்தது.

"நான்... அதாவது..."

"திருடே போகலை," என்றாள் நோர்மா. "பொய்ப் புகார். நாற்பது சாட்சி. ஒலிபெருக்கி வேற. ரொம்ப நன்றி தலைவரே. இப்ப உங்க கூண்டை எடுங்க."

எடுத்தார். பதினொன்றையும். ஒருவரும் கை கொடுக்கவில்லை. பிறகு நோர்மா அவர் கையில் விலங்கை மாட்டினாள். ஏழு வார எரிச்சல் அந்த ஒரு 'க்ளிக்'கில் இறங்கியது.

ஆனால்... எல்வுட்!

உள்ளே தாவினாள். முழங்காலிட்டாள். தாடியை விலக்கிக் கழுத்தில் விரல் வைத்தாள்.

துடிப்பு இருந்தது. பலமாகவே இருந்தது.

பிணம் ஒரு கண்ணைத் திறந்தது.

"ஆச்சா, பொண்ணே?"

நோர்மா பின்னால் விழாத குறை.

"யோவ் கிழவா! நீ சாகலையா?"

"இடுப்புதான் செத்துப்போச்சு. ஒரு மணி நேரமா பனித்தரைல கிடக்கேன். நாப்பது பேர் சேர்ந்து ஒரு பக்கத்துக் கூண்டை எடுக்க இவ்வளவு நேரமா?"

"வேணும்னே... நீயே உள்ளேர்ந்து கட்டிக்கிட்டியா?"

"பின்ன? செவ்வாக்கிழமை ரிப்பன் கட்ட உள்ள வந்தப்பவே அந்தப் பட்டைங்களைப் பாத்தேன். நான் தொட்டா என் லைசென்ஸ் போச்சு. கடல் ரோந்து ஆபீஸ்ல சொன்னேன். மனு கொடு, பதினஞ்சு நாள் ஆகும்னான். பையனுக்குத் திங்கக்கிழமை விசாரணை!"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"மூணு தடவை ஸ்டேஷனுக்கு வந்தேன். ஒருநாள் இஞ்சி ரொட்டிக்குக் காவல் போயிருந்தே. ஒருநாள் குதிரை பின்னால ஓடிட்டிருந்தே. இன்னிக்குக் காலைல யாரோட உள்ளாடையையோ தேடிட்டிருந்தியாம்."

நோர்மாவுக்குக் காது வரை சூடேறியது.

"செத்த மாதிரி நடிச்சுப் போலீஸை ஏமாத்தினதுக்கு உன்னையும் உள்ள தள்ளலாம், தெரியுமா?"

எல்வுட் எழுந்து உட்கார்ந்தார். தாடியைச் சரி செய்தார். சதுக்கத்தின் ஓரத்தைக் காட்டினார். அங்கே மூக்கு சிவக்க, தாத்தா மடியில் உட்கார்ந்து பரிசு கேட்கக் கையில் பட்டியலோடு, குழந்தைகள் வரிசை வளைந்து வளைந்து மீன் சந்தை வரை போயிருந்தது.

"தாராளமா விலங்கு மாட்டு. அதுக்கு முன்னாடி, அந்த இருநூறு குழந்தைங்ககிட்டயும் தாத்தா எதுக்கு ஜெயிலுக்குப் போறார்னு நீயே ஒவ்வொண்ணா மடில உக்கார வெச்சு விளக்கிச் சொல்லிடு!"