இரட்டைப் பதிவு

திரையில் வினோதாவின் ஃபோன் இரண்டு முறை இருந்தது.

கண் எரிச்சலில் ஏதோ தப்பாகத் தெரிகிறது என்று நினைத்து, துப்பட்டா நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அதே பெயர், அதே எண், ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வரிகள். கம்பெனியின் ஃபோன்கள், டேப்லெட்டுகள், லைனில் ஆட்கள் பார்கோடு அடிக்கும் ஸ்கேனர்கள் எல்லாவற்றையும் மேய்ப்பது இந்த சர்வர்தான். எது எங்கே இருக்கிறது என்று காட்டும், தொலைந்தால் பூட்டும், வேண்டாமென்றால் உள்ளே இருப்பதை ஒட்டுமொத்தமாகத் துடைத்துப் போடும். இன்று ஆயுத பூஜை. அத்தனை கருவிகளும் அணைக்கப்பட்டு, அசெம்பிளி ஹாலில் சாமி படத்துக்கு முன்னால் சாமந்திப் பூவோடு கிடந்தன. ஆகவே திரையில் உயிரோடு இருக்க வேண்டியது அவளுடைய ஃபோன் ஒன்றுதான்.

பாழாய்ப்போன வேலை. "லீவு நாள்ல பண்ணிட்டா யாருக்கும் தொந்தரவு இல்ல பாருங்க" என்று சொல்லிவிட்டு மேனேஜர் ஜெகதீஷ் பொரி கடலைப் பொட்டலத்தோடு பெங்களூருக்குக் கிளம்பிவிட்டார். மேசைக்கடியில் இரைந்துகொண்டிருக்கும் பழைய சர்வரை அப்படியே நகலெடுத்து, லினக்ஸில் ஒரு விஎம்மாக ஓடவிட வேண்டும். விஎம் என்றால் தனக்கென்று பெட்டி இல்லாத கம்ப்யூட்டர். வேறொரு பெரிய மெஷினுக்குள் குடியிருக்கும், ஆனால் தன்னைத் தனி மெஷின் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். நேற்று ராத்திரியும் வினோதா தூங்கவில்லை. மகள் யுவஸ்ரீக்குக் காய்ச்சல். புருஷன் சந்தோஷ் லாரியோடு குஜராத் பக்கம் போயிருந்தான். வீடு இருக்கும் உத்தனப்பள்ளியில் பக்கத்து வீட்டு கெம்பம்மா அவ்வப்போது குழந்தையை எட்டிப்பார்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

மத்தியானம் யுவஸ்ரீ கூப்பிட்டிருந்தாள்.

"அம்மா, எப்ப வருவ?"

"அஞ்சு மணிக்கெல்லாம் வந்துருவேன் கண்ணு. சத்தியமா."

"நீ எப்பவும் இப்படித்தான் சொல்ற."

அந்தப் பேச்சு இன்னும் நெஞ்சில் முள்ளாக நின்றது.

நகல் முடிந்ததும் பழையதை அணைத்துவிட வேண்டும். ஒரே பெயரில் இரண்டு ஓடக்கூடாது என்பது இந்தத் தொழிலில் பால பாடம். அவள் குனிந்து சுவிட்சுக்குக் கையை நீட்டியபோதுதான், பூஜைத் தட்டோடு அறை அறையாகப் போய்க்கொண்டிருந்த ஹவுஸ்கீப்பிங் நாராயணம்மா வாசலிலிருந்தே கத்தினார்.

"அய்யய்யோ, தொடாதம்மா! இப்பத்தான் பொட்டு வெச்சிட்டுப் போனேன். நாளைக்குக் காலைல தான் கை வெக்கணும். வீட்ல குழந்தைக்கு வேற உடம்பு சரியில்லன்ற."

மற்ற எதற்கும் மசியாதவள் அந்தக் கடைசிப் பேச்சுக்கு மசிந்தாள். கையை எடுத்துக்கொண்டாள். இரண்டும் ஓடினால் குழப்பம் வருமே என்று, புது சர்வரில் ஒரு விதியை மட்டும் போட்டுவைத்தாள்: இரட்டைப் பதிவு வந்தால் பழையதை நீக்கு. அப்போது மணி ஐந்து இருக்கும். எழுந்து, பையை மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்துக் கிளம்பிவிட்டது போலவே அவளுக்கு இருந்தது. ஆனால் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பார்த்துக்கொண்டே இருந்ததில் வெளியே வெளிச்சம் மங்கி, மழை தகரக் கூரையில் தட்டத் தொடங்கியிருந்தது. ஏசியின் உறுமலுக்கும் பழைய சர்வரின் இரைச்சலுக்கும் நடுவே அணைந்த கற்பூரத்தின் வாசனையும், கேட்டருகே உடைத்த பூசணிக்காயின் பச்சை நெடியும் மூடிய கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து தேங்கிக் கிடந்தன. சர்வரின் நெற்றியில் வைத்த குங்குமம் சூட்டில் இளகி, மெல்ல மெல்ல மேசைக்காலை நோக்கி வழிந்துகொண்டிருந்தது.

முதல் வரியைத் தொட்டாள். இடம்: சர்வர் அறை. ஃபோன் அவள் மடியில்தான் இருந்தது.

இரண்டாவது வரியைத் தொட்டாள். வரைபடம் விரிந்தது. ராயக்கோட்டை ரோட்டில் ஒரு நீலப் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. ஸ்கூட்டர் வேகத்தில். அவள் வழக்கமாகப் பெட்ரோல் போடும் பங்கில் கொஞ்ச நேரம் நின்றது. மருந்துக் கடையில் நின்றது. உத்தனப்பள்ளிக்குள் திரும்பி, அவள் தெருவுக்குள் நுழைந்து, அவள் வீட்டின்மேல் வந்து அசையாமல் நின்றது.

வீட்டில் குழந்தை தனியாக இருக்கிறாள்.

பையைத் தேடினாள். இல்லை. சாவி இல்லை. மழையில் கேட்டுக்கு ஓடினாள். செக்யூரிட்டி மதுரைவீரன் குடைக்குள்ளிருந்து கண்ணை இடுக்கிப் பார்த்தார், தூரத்தில் நிற்கும் ஆளைப் பார்ப்பது மாதிரி.

"வினோதா மேடமா? நீங்க அப்பவே கிளம்பிட்டீங்களே! எப்ப திரும்பி வந்தீங்க?"

"நானாண்ணா? நான் கிளம்பினேனா?"

"ஆமா மேடம். அஞ்சு மணிக்கு. ஸ்கூட்டர்ல. பாப்பாவுக்குக் காய்ச்சல், சொன்ன நேரத்துக்குப் போயிரணும்னு சொல்லிட்டுச் சிரிச்சிட்டே போனீங்க. இன்னைக்குத்தான் உங்க மொகம் கொஞ்சம் தெளிவா இருந்துச்சு."

ஸ்கூட்டர் ஸ்டாண்டில் அவள் வண்டி இருந்த இடத்தில் மண்ணில் டயர் தடம் மட்டும் தெரிந்தது. மழை அதை அவள் கண்ணெதிரே கரைத்து மூடியது.

ராயக்கோட்டை பஸ் கிடைத்தது. கண்டக்டர் முன் சீட்டுக்கு டிக்கெட் கொடுத்தார், பின் சீட்டுக்குக் கொடுத்தார். அவளிடம் மட்டும் கேட்கவில்லை. "உத்தனப்பள்ளி ஒண்ணு" என்றாள். அவர் அவளைத் தாண்டிப் போய்விட்டார். ஒரு பெரியவர் வந்து அவள் மேலேயே உட்காரப் பார்த்தார். பதறி நகர்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு அடித்தாள். யுவஸ்ரீ எடுத்தாள்.

"ஹலோ? யாரு?"

"கண்ணு, அம்மா பேசறேன்டி. கதவத் தொறக்காத. யாரு வந்தாலும் தொறக்காத!"

"எங்கம்மா வந்துட்டாங்களே."

பின்னாலிருந்து ஒரு குரல். "யாருடி ஃபோன்ல?" அவளுடைய குரல். அலுப்பே இல்லாத அவளுடைய குரல். எத்தனை வருஷமாயிற்று அந்தக் குரலில் அவள் பேசி?

"யாரோம்மா. கரகரன்னு கேக்குது, ஒண்ணும் புரியல."

"வெச்சிரு. கஞ்சி ஆறுது பாரு."

இணைப்பு அறுந்தது. திரையில் ஒரு செய்தி வந்தது: இரட்டைப் பதிவு கண்டறியப்பட்டது, பழைய ஃபோன் நீக்கப்படுகிறது. அவள் போட்ட விதி. அவளே போட்டது. முதலில் எண்கள் போயின. சந்தோஷ் போனான். பிறகு படங்கள். யுவஸ்ரீ ஸ்கூலில் நரி வேஷம் போட்டது. யுவஸ்ரீ பல் விழுந்து சிரித்தது. யுவஸ்ரீ பிறந்த அன்று. விரலால் அழுத்திப் பிடித்தாள். நிற்கவில்லை. கடைசியில் வெள்ளைத் திரை மட்டும் மிஞ்சியது.

பஸ் நின்றது. தெருவில் ஓடினாள். கெம்பம்மா வாசலில் நின்றிருந்தார்.

"அக்கா! கெம்பக்கா!"

அவர் அவளைத் தாண்டி மழையைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஸ்கூட்டர் வீட்டு முன்னால் நின்றது. எஞ்சின் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே டியூப்லைட் வெளிச்சத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். வினோதா. அதே பச்சைச் சுடிதார். மடியில் யுவஸ்ரீ. ஊதி ஊதிக் கஞ்சி கொடுத்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவசரமில்லாமல். யுவஸ்ரீ சிரித்தாள். ஒரு மாதமாகச் சிரிக்காத சிரிப்பு.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, வெளியே நின்றவளுக்கு அப்பாடா என்றிருந்தது. இனி எழுந்திருக்க வேண்டாம். இனி எதையும் சரிபார்க்க வேண்டாம். அடுத்த நொடி அந்த நினைப்பே அவளை உலுக்கியது. கம்பியைப் பிடித்துக் கத்தினாள்.

"யுவா! யுவஸ்ரீ! அம்மா இங்க இருக்கேன்டி!"

உள்ளே இருந்தவள் நிமிர்ந்தாள். நேராகப் பார்த்தாள். அவள் மட்டும் பார்த்தாள். அந்த முகத்தில் கோபமில்லை. வேலை முடிந்ததும் எதை அணைக்க வேண்டும் என்று தெரிந்தவளின் முகம் அது. வினோதாவுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும்.

"கண்ணு, ஜன்னல்ல யாராச்சும் இருக்காங்களா பாரு."

யுவஸ்ரீ எழுந்து வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில். மூச்சில் கஞ்சி வாசனை. காய்ச்சல் விட்டிருந்தது. அம்மாவின் முகத்துக்கு நேரே பார்த்தாள்.

"யாரும் இல்லம்மா."

ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினாள். கொக்கி விழுந்தது.

மழை வலுத்தது. வினோதா நனையவில்லை.