ஐந்து தாருக்கு ஒரு சொம்பு

மூன்று நாளாக விடாத மழை. சுகாசினி பள்ளிக்கூடம் விட்டு வந்து குடையை மடக்குவதற்குள் உள்ளேயிருந்து "ஐயோ!" என்று அம்மாவின் குரல் கேட்டது.

அம்மா மங்கையர்க்கரசி பட்டுத் தறியில் உட்கார்ந்திருந்தாள். தறிக்குக் கீழே ஒரு குழி உண்டு. அதில் காலைத் தொங்கவிட்டு மிதிகளை மாற்றி மாற்றி மிதித்தால்தான் நெசவு ஓடும். இப்போது அவளுடைய வலது கெண்டைக்கால் கல்லாக இறுகிக் கிடந்தது.

"கால் இழுத்துக்கிச்சுடி! அசைக்கவே முடியல!"

சுகாசினிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போன மாதம் கபடி ஆட்டத்தில் கூடப் படிக்கும் தீபிகாவுக்கு இப்படித்தான் ஆனது. விளையாட்டு டீச்சர் அப்போது செய்தது நல்லவேளையாக நினைவுக்கு வந்தது.

"இப்டி திரும்பி காலை நீட்டும்மா. மடக்காத!"

அம்மாவின் காலைத் தரையில் நீட்ட வைத்தாள். கால் விரல்களை அம்மாவின் பக்கமாக மெல்ல மடக்கிப் பிடித்துக்கொண்டு முப்பது வரை எண்ணினாள். பிறகு கெண்டைக்காலை நீவிவிட்டாள். இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

"இது மூணாவது வாட்டி" என்று அம்மா கண்ணைத் துடைத்தாள். "வாலாஜாபாத் பெரியம்மா வாதம் வந்து படுத்துக்கினு இருக்குது பாரு. எனக்கும் கால் போயிடுச்சுன்னா நீ இன்னாடி பண்ணுவ?"

அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அந்த வீட்டில் அம்மாவுக்கு அவள், அவளுக்கு அம்மா, அவ்வளவுதான். அன்று சுகாசினியால் சாப்பிடவே முடியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. மாட்டேன் என்ற அம்மாவை விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டர் காலை அழுத்திப் பார்த்தார். "இது வாதம் இல்லம்மா, தசைப்பிடிப்பு. தண்ணி குடிக்கிறீங்களா?"

"நெறைய குடிக்கிறேன் டாக்டர்."

சுகாசினி அம்மாவை முறைத்தாள். தினமும் காலையில் அவள் நிரப்பி வைக்கும் சொம்பு, மாலையிலும் நிரம்பியேதான் இருக்கும்.

"பொய் சொல்லுது டாக்டர். காலையில குந்துனா எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது."

"அதான் பிடிக்குது. நடுநடுவுல எழுந்து நடங்க, தண்ணி குடிங்க. அப்பவும் பிடிச்சா திரும்ப வாங்க, ரத்தம் எடுத்துப் பார்க்கலாம்."

அம்மா பெரிதாகத் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் நேராகத் தறியில் போய் உட்கார்ந்தாள்.

"தண்ணி கொண்டாரட்டாம்மா?"

"தறிகிட்ட தண்ணி வரக்கூடாது. ஒரு சொட்டு பட்டா பட்டு கறையாயிடும். உங்கப்பா போட்ட சட்டம்."

"அப்ப நீ எழுந்து வந்து குடி."

"சும்மா சும்மா எழுந்துக்கினு இருந்தா புடவை எப்ப முடியும்?"

வெளியே மழை இன்னும் வலுத்தது. சுகாசினி ஒரு மூலையில் உட்கார்ந்து அம்மாவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் எப்போது இழுக்குமோ என்று பயமாக இருந்தது.

அம்மா, குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு தறியில் இப்படியும் அப்படியும் ஓடும் நாடாவிலிருந்து ஒரு தாரை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தினாள். தார் என்பது பட்டு நூல் சுற்றிய சின்னக் குழல். நூல் தீர்ந்தால் அடுத்ததைப் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் தறி நின்றுவிடும். தார்ப்பெட்டி எப்போதும் அம்மாவின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும்.

சுகாசினி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தறி ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது.

"சுகா! இங்க அஞ்சு தார்தான் இருந்துச்சு, தீந்துபோச்சு! மீதி எங்கடி?"

"அடுப்பங்கரையில, தண்ணிப் பானைக்கு மேல அலமாரியில இருக்குதும்மா."

"எடுத்துக்கினு வா!"

"எனக்கு வீட்டுப்பாடம் இருக்குது. நீயே வந்து ஒரு சொம்பு குடிச்சிட்டு, அஞ்சு எடுத்துக்கினு போ."

அம்மா திட்டிக்கொண்டேதான் எழுந்து வந்தாள். திட்டிக்கொண்டேதான் குடித்தாள். அன்று முழுவதும் கால் இழுக்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் சுகாசினிக்கு மனம் ஒட்டவில்லை. கேட்க ஆளில்லாத வீட்டில் அம்மா பெட்டியைத் தறிக்கே கொண்டுபோயிருப்பாள் என்று நினைத்தாள். மழையில் நனைந்தபடி வீட்டுக்கு ஓடி, நேரே அடுப்பங்கரைக்குப் போனாள்.

தார்ப்பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. காலையில் நிரப்பி வைத்துப்போன சொம்பைச் சுகாசினி எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டுகூட விழவில்லை.